அம்மா கற்றுக்கொண்ட பாட்டு

பக்கத்து வீட்டுச் சிறுமி காலையில் சரளி வரிசை பாடிப் பழகும்போதெல்லாம், அம்பாசமுத்திரத்தில் அப்பா பாடியது எனக்கு நினைவுக்கு வரும். அப்பா பள்ளி ஆசிரியர். ஆசைப்பட்டு நாற்பது வயதுக்கு மேல் பாட்டு கற்றுக்கொண்டார். மேலே ஏறும்போது குரல் சுருதியை விட்டு விலகிவிடும். அம்மா யாரிடமும் கற்றதில்லை. ஒருமுறை கேட்டதை அப்படியே பாடிவிடுவாள். "பாட்டு பொறப்புலயே வரணும். உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

நான் ஆறாவது படிக்கையில் அம்மாவுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. முன்பு எப்படிப் பாடினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தனியே உட்கார்ந்து அழுதாள்.

அப்பா சுருதிப் பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். "'ச' மட்டும் பிடி. மத்தது பைய வரும்" என்றார். மாதக்கணக்கில் இருவரும் சேர்ந்து பழகினார்கள். ஒரு காலையில் அம்மா முதல் வரிசையை உடையாமல் பாடி முடித்தாள். குரலில் கரகரப்பு இருந்தது, சுருதி நின்றது. அப்பா தலையாட்டினார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "தெனமும் இம்புட்டுக் கஷ்டப்பட்டா பாடுனீங்க? நான் சிரிச்சுக்கிட்டுல்லா இருந்திருக்கேன்!"