மடவளைப் போறணைக்குப் போன வான்கோழி

டிசம்பர் இருபத்தைந்து. காலை ஆறரைக்குப் புசல்லாவையில் கண்டி பஸ் ஏறினேன். மடியில் மூடி போட்ட நீல வாளி. அதற்குள் நான்கு கிலோ வான்கோழி, முதல் நாள் மாலையிலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கண்டிக்குச் சுமார் நாற்பது கிலோமீற்றர். கொண்டக்டர் வாளியைத் தட்டிப் பார்த்தார். எனக்கு நூற்றைம்பது ரூபாய், வாளிக்கும் அதே. முந்நூறையும் எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் வாதாடுகிற ஆள் இல்லை நான்.

மகள் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாள். மருமகன் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பிள்ளை. அவருடைய அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக நத்தார் சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணத்தில் நான் அவர்களிடம் நாலு வார்த்தை பேசவில்லை. வாய் வரவில்லை. இந்த முறைதான் போனில், "வான்கோழி நான் கொண்டாறேன்" என்று நானாகச் சொன்னேன். அது காய்ந்த கட்டையாக மேசைக்கு வந்தால், இனி அவர்கள் முன்னால் எப்படி உட்காருவது?

மகள் வீட்டில் இருப்பது சின்ன மின்சார அடுப்பு. கோழி போகும், வான்கோழி போகாது. கட்டுகஸ்தோட்டைப் பேக்கரிகள் நத்தாருக்கு மூடிவிட்டன. ஆகவே மருமகன் மடவளையில் தனக்குத் தெரிந்த பேக்கரி நானாவிடம் பேசி வைத்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். காலைப் பாண் சுட்டெடுத்த பிறகு போறணை அடுப்பில் மிச்சமிருக்கும் சூடு இறைச்சிக்குப் பதம் என்று நானாவும் சம்மதித்திருந்தார். முஸ்லிம் போறணைக்குப் போகிறதென்பதால், பறவையைப் புசல்லாவைக் கடைத்தெரு நானாவைக் கொண்டே முறைப்படி அறுக்க வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கம்பளை தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் வாளிப் பக்கம் மோப்பம் பிடித்தார்.

"அண்ணே, வாளியில என்னா?"

"வான்கோழிங்க."

"உசுரோட இருக்கிறப்பவே குடிக்குமோ?"

முன் சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று சம்பந்தியம்மா போனில், இறைச்சி மிருதுவாக வர அவர்கள் வீட்டில் கொஞ்சம் வைன் சேர்ப்பார்கள் என்றார். எங்கள் பக்கம் வைனுக்கு எங்கே போவது? அரைப் போத்தல் சாராயத்தை ஊற்றினேன். ஹலாலாக அறுக்க வைத்ததும் நான்தான், சாராயம் ஊற்றியதும் நான்தான். இரண்டும் ஒரே போறணைக்குத்தான் போகிறதென்று அதுவரை தோன்றவே இல்லை.

பேராதனை வரும்வரை வாளியை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். சொல்வதா, விடுவதா? கண்டியில் இறங்கி வத்தேகம பஸ்ஸில் ஏறியபோதும் முடிவு வரவில்லை.

ஒன்பதரைக்கு மடவளை. பேக்கரி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நூறு அடி. நானா வெள்ளை பெனியனோடு மாவு மேசையருகே நின்றார்.

"வாங்க வாங்க. யாரு அறுத்த?"

"எங்க ஊரு நானாதாங்க."

"அப்ப பிரச்சின இல்ல. தாங்க இங்கால."

அவர் மூடியில் கை வைத்தார். நானும் வைத்தேன். அவர் இழுக்க, நான் அழுத்த, இரண்டு பேரும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நானா, இதுல சாராயம் ஊத்திட்டேன்."

அவர் கையை எடுத்தார். மாவு பிசைந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அறுக்க எங்கட ஆள், ஊறப்போட உங்கட ஆளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏலா அண்ணன். ஊருக்கே பாண் இதிலதான். உண்மையச் செல்லினது நல்லம்."

போகத் திரும்பியவனை உட்காரவைத்து ஒரு பிளேன்டீ கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, சூடான பாண் மூன்று றாத்தல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு மகள் வீடு. இரண்டு நாள் முன்பே அங்கு போயிருந்த என் மனைவி நடந்ததைக் கேட்டாள்.

"கூறு கெட்ட வேல பாத்துட்டு முழிக்கிறதப் பாரு. தீவாளிக்கு கேக்கு நான் என்னா பேக்கரியிலயா சுடுறேன்?"

எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் கேக் சுடுவது சட்டியில்தான். அடியில் மணல், மேலே மூடி, மூடிமேல் தணல். பக்கத்து வீட்டில் அண்டா மாதிரிப் பெரிய கிடாரம் ஒன்று இரவல் வாங்கி, கொல்லையில் விறகடுப்பில் ஏற்றினோம். மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, பறவையைத் துடைத்து, பட்டரும் மிளகும் பூசி, நெஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தோம். சாறு நெஞ்சில் இறங்கட்டும் என்றாள். மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக்கரித் தணலைக் குவித்தேன். மணி ஒன்று.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு தரம் மூடியைத் தூக்கப் போனேன்.

"தொறந்தீங்கன்னா அடுத்த தீவாளி வரைக்கும் வேகாது. அங்கிட்டுப் போங்க."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நாலு மணிக்கு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். நான் இடுப்பில் கட்டிய சாரமும் கையெல்லாம் கரியுமாகக் கொல்லையில் இருந்தேன். சம்பந்தி நேராக அங்கேயே வந்துவிட்டார். நான் அவர் உட்காரக் கதிரை எடுக்க ஓடினேன்.

"வேண்டாம், வேண்டாம். உதுக்குள்ளயோ வான்கோழி?"

"ஆமாங்க. பேக்கரியில முடியல." காரணத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் மூச்சு முட்டியிருக்கும்.

அவர் கிடாரத்தையே பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. மட்டையொன்றை எடுத்துத் தணலை விசிறியபடி குந்தினார்.

நாலரைக்கு மூடியைத் திறந்தோம். படத்தில் பார்க்கிற பொன்னிறம் இல்லை. முதுகு ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் வெளுத்திருந்தது. நான் கத்தியை எடுத்தேன்.

"உடனே வெட்டாதையுங்கோ, அரை மணித்தியாலம் ஆறட்டும்" என்றார் சம்பந்தியம்மா.

அந்த அரை மணித்தியாலம்தான் அன்றைய பயணத்தில் மிக நீளமான தூரம். ஆறு பேரும் மேசையில் உட்கார்ந்தபின் சம்பந்தி கத்தியை நெஞ்சில் இறக்கினார். சாறு வழிந்து தட்டு நிறைந்து மேசைச்சீலைவரை வந்தது. அவர் மடவளைப் பாணைப் பிய்த்து அதில் தோய்த்து வாயில் போட்டார்.

"எங்கட வீட்டில ஒவ்வொரு வருஷமும் பேக்கரியிலதான் குடுக்கிறது. தண்ணி குடிச்சுத்தான் விழுங்கிறது. என்னப்பா?" என்று மனைவியைப் பார்த்தார்.

சம்பந்தியம்மா இன்னொரு துண்டு எடுத்தார்.

மறுநாள் காலை மனைவியை மகளோடு விட்டுவிட்டு, கண்டியில் புசல்லாவை பஸ் ஏறினேன். கொண்டக்டர் வாளியைப் பார்த்தார்.

"என்னா இருக்கு?"

"வெறும் வாளி."

"அப்ப கீழ வைங்க. டிக்கெட் வேணாம்." குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னங்க, சாராய வாடை?"

எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவன் நான். அன்று அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். கம்பளை வந்தபோது கதை மடவளையைத்தான் எட்டியிருந்தது. பஸ் நிற்க, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுவிட்டு, "ம், பொறவு?" என்றார் அவர்.