அம்மா சொன்ன முதல் பாதி

புத்தாயிரம் பிறந்த புதிதில், டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து அலுத்துப்போயிருந்தேன். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுப்பதாக மடத்து சிஸ்டர் சொன்னார். அங்கிருந்து வரும் கன்னியாஸ்திரீ முன்னால் கொஞ்சமாவது ஸ்பானிஷ் பேச வேண்டும். சிஸ்டரே சில பாடங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எப்படியாவது போய்விட வேண்டும் என்று எனக்கு வெறி.

மற்றதெல்லாம் ஓரளவு ஏறியது. 'வாய்ப்பிருந்தால் பேசுவேன்' என்கிற வடிவம்தான் உயிரை வாங்கியது. பேசுவதற்கு ஆப்லார். அதன் வாலில் ஒட்டவேண்டியதை ஒட்டினால் ஆப்லாரியா, ஆப்லாரியாஸ், ஆப்லாரியா. அதாவது நான், நீ, அவள். அடுத்து ஆப்லாரியாமோஸ், ஆப்லாரியாய்ஸ், ஆப்லாரியான். நாங்கள், நீங்கள், அவர்கள். அடங்காத வினைகள் எத்தனையோ உண்டாம், இது ஒழுங்கான பிள்ளை என்றார் சிஸ்டர். அந்த ஒழுங்கான பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதுதான் தப்பு.

எங்கள் வீட்டில் எதை மனப்பாடம் செய்தாலும் செபமாலை முடிந்த கையோடு, முழங்காலில் நின்றபடியே செய்யவேண்டும். வாய்ப்பாடும் ஞானோபதேசமும் அப்படித்தான் ஏறின. செபமாலையில் போலவே அம்மா முதல் பாதி, மற்றவர்கள் மறுபாதி. ஸ்பானிஷுக்கும் அதே கதி. அம்மா தாளைப் பார்த்து முதல் மூன்றை ராகம் போட்டு இழுப்பாள். அப்பாவும் தம்பியும் நானும் பின் மூன்றைச் சொல்வோம். அப்பாவுக்குப் பாதித் தூக்கம், தம்பிக்குச் சிரிப்பு, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எம்மா, பரீட்சை எனக்கு. முதல்ல இருந்து நான் சொல்றேன், விடேன்."

"பெரியவுக இருக்கையில சின்னதுக ஆரம்பிக்கிறது என்ன பழக்கம்? ஒழுங்கா முழங்கால் போடு."

தனியாகப் படிக்கலாமென்றால் இருப்பதே இரண்டு அறை. நான் தாளை எடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து முதல் பாதி வந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. சிறுமலை அடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து மடத்துக்குப் போனேன். ஸ்பெயினிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ ஆப்லாரை அந்த வடிவத்தில் சொல்லச் சொன்னார். வாய் திறக்கவில்லை. யாராவது ஆரம்பிப்பார்கள் என்று என் நாக்கு காத்துக்கொண்டு கிடந்தது. அம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நான் விழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, முதல் மூன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், பின் மூன்றையும் செபமாலை ராகத்தில் கடகடவென்று ஒப்பித்து, கடைசியில் ஆமென் வேறு சொல்லித் தொலைத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சண்டைக்குப் போனேன்.

"ஒன்னாலதாம்மா ஊமை மாதிரி நின்னேன். மானமே போச்சு. நல்லவேளை, எடுத்துட்டாக."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எடுத்துட்டாகளா?"

"ஆமா. ரெண்டு மாசத்துல போகணும்."

அம்மா களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

"தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கணும்," என்றாள் அம்மா. "எனக்குத்தேன் தோணாமப் போச்சு."