மொட்டை வண்டி

போன மாதம் அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பழைய இங்கிலாந்து கார் ஒன்று நின்றது. இரண்டே சீட்டு, தரையோடு தாழ்ந்த உடம்பு, கூரை கிடையாது. ஸ்டியரிங்கில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே உட்கார்ந்து சிரிக்க, போட்டோக்காரர் சொல்லச் சொல்ல நாலைந்து பேர் பின்னால் குனிந்து வண்டியை மெதுவாகத் தள்ளினார்கள். படத்தில் ஓடுவது போலவே வருமாம். இன்ஜின் எப்படி இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். அதை எப்போதோ கழற்றிவிட்டார்களாம், போட்டோவுக்கு வாடகை விடுகிற வண்டிக்கு இன்ஜின் எதற்கு என்றார். சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். புது ரெக்ஸின். எங்கள் வண்டியில், இல்லை, என் வண்டியில் அந்த இடத்தில் பழைய தோலும் பெட்ரோலும் மலைக்காட்டுப் பூஞ்சணமும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆமாம், என்னிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. இப்போது என்னைப் பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களாவது நம்புங்கள். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. அப்பா சின்னதாக நிட்டிங் மெஷின்கள் வைத்துப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய ஜெனரேட்டர் பார்க்கப் போனவர், லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அப்பா ஆசை ஆசையாக ஏறினார். உட்காரத்தான் முடியவில்லை. வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால் அது நகர்கிற தண்டவாளம் துருவேறிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் தட்டிப் பார்த்தார், கொஞ்ச நாள் ராத்திரிச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சாவியை என் கையில் வைத்து, "எனக்கு இது ஆகாது கண்ணு. இனி இது உன்ர வண்டி" என்றார். அப்பாவின் தொந்தி தயவில் எனக்கு ஒரு கார் கிடைத்தது.

கூண்டு போடாத மாட்டு வண்டிக்குத்தான் எங்கள் பக்கம் மொட்டை வண்டி என்று பேர். தெருவில் அந்தப் பேரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். மாட்டு வண்டியாவது நின்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பலாம். இது ஏன் நின்றது என்று இதற்கே தெரியாது. இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும். குளிரில் கிளம்பாது, வெயிலில் கொதிக்கும். காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் பாலத்தடியில் நிற்பதை வழக்கமாகவே வைத்திருந்தது. பின்னால் வரும் கம்பெனி வேனிலிருந்து தையல் பெண்கள் இறங்கி, என்னை இறங்கவிடாமல் உட்கார வைத்தே தள்ளுவார்கள். வண்டி உறுமிக் கிளம்பியதும் அவர்கள் போடுகிற கூச்சலைக் கேட்டபடி நான் கம்பெனி கேட்டில் நுழைவேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எந்த வேலைக்கும் போனதில்லை.

ரேடியேட்டர் ஒழுகியது ஒரு தனிக் கதை. பித்தளைதானே என்று அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அண்டா குண்டா அடைக்கிற அக்கறையோடு ஈயத்தை உருக்கி உள்ளே ஊற்றி, சந்து பொந்தெல்லாம் அடைத்து, தண்ணீர் நிரப்பித் தூக்கிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேலே ஊற்றிய தண்ணீர் கீழே வர வழியில்லாததால்தான் ஒழுகவில்லை என்பது பல்லடம் போவதற்குள் புகை வந்த பிறகு தெரிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "ஒழுகலைதானுங்க?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

கூரைக் கதை அதைவிட மோசம். வண்டியோடு வந்த கான்வாஸ் கந்தலாகிவிட்டது, மடக்குகிற கம்பிச் சட்டம் மட்டும் மிச்சம். எங்கள் சாம்பிள் செக்‌ஷனில் ஜெபமணி என்று தூத்துக்குடிப் பக்கத்து டெய்லர் ஒருவர் இருந்தார். இதற்கா கவலைப்படுகிறீர்கள், நான் தைத்துத் தாரேன் என்றார். குடோனில் கனமான சிவப்புத் துணி ரோல் ரோலாகக் கிடந்தது, பையர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட சரக்கு. கேட்டதும் கொடுத்தார்கள். பையர் ஏன் தள்ளினார் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். தண்ணீர் பட்டால் சாயம் போகிறது என்று அவர் அனுப்பிய மெயிலுக்குப் பதில் எழுதியதே நான்தான். சாயத்தில் பிழைக்கிற ஊரில், கூரை என்றால் மழையில் நனையும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெபமணி கைப்பழக்கத்தில் பின்புறம் நடுவில் ஒரு சைஸ் லேபிளும் வைத்துத் தைத்திருந்தார். எக்ஸ்எல். பனியன் துணியல்லவா, வேகம் எடுத்தால் கூரை பூரி மாதிரி உப்பும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எம்பிராய்டரி யூனிட். கணியூரில் இருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குப் பத்திரிகை வைக்க நாங்கள் இருவரும் போவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். துணைக்கு ஓர் ஆளை அனுப்பப் பார்த்தார்கள், வண்டியில் இடம் இல்லை. அந்த வண்டி எனக்குச் செய்த நல்ல காரியங்களில் அது முக்கியமானது. நான் ஓட்டினேன். அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மடத்துக்குளம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் அவர் காலரில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. அப்புறம் தோள், முதுகு, மடியில் இருந்த வெற்றிலை என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டி ஓடினால் எல்லோருக்கும் அது நம்ம வண்டி. நின்றுவிட்டால், புகைந்தால், கடைத்தெருவில் மானத்தை வாங்கினால் உன்ர வண்டி. அப்பா, அம்மா, தம்பி யாரும் இதில் தவறியதில்லை.

அத்தை வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தார். ரத்தம் என்று நினைத்து, மார்பில் அடித்துக்கொண்டு மழையில் ஓடிவந்தார். அவர் வண்டியிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்து, அதனால் இன்னும் கொஞ்சம் சிவந்து, நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. நம்ம வண்டி சாயம் உடுது."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஜாதகம், எம்பிராய்டரி யூனிட், வீடு வாசல் எல்லாம் மற்றவர்கள் பார்த்தது. நான் பார்த்தது இது மட்டும்தான். இதை அவரிடம் சொன்னதில்லை. இனிச் சொல்வதாகவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போனேன். நின்றால் அவரும் இறங்கித் தள்ளுவார். நன்றாகத்தான் இருந்தோம். பிறகு என் வயிறும் ஸ்டியரிங்கில் இடிக்கத் தொடங்கியது. வளைகாப்பு முடிந்து அப்பா வீட்டுக்குப் போனபோது வண்டியையும் கொண்டுபோய் அங்கே தகரக் கொட்டகையில் விட்டேன். தினம் ஒரு தடவை போய்க் கிளப்பிப் பார்ப்பேன், அந்த வாசத்துக்காகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். உள்ளறையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் குரல், அப்பா குரல், தெரியாத குரல் ஒன்று. காபி குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பக்கம் வண்டியைக் கிளப்புகிற சத்தம். கிளம்பவில்லை. சோக்கை முழுக்க இழுத்துவிட்டார்கள் என்பது எனக்கு உள்ளே இருந்தே தெரிந்தது. அதற்குப் பாதி இழுத்தால் போதும். போய்ச் சொல்லலாம் என்றால் குழந்தை மார்பை விடவில்லை. பிறகு தள்ளிக்கொண்டு போனார்கள். சும்மா ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். கோயமுத்தூர்க்காரர் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்தாகிவிட்டது, நாலு கதவு வைத்த புது ஏசி வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, இனி நாம் மூன்று பேர், பாப்பாவை எங்கே உட்கார வைப்பது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் இதை ரகசியமாக வைத்திருந்தாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"நம்ம வண்டிதான? இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கையெழுத்துப் போட்டது அப்பா. வண்டி அவர் பேரிலேயேதான் இருந்திருக்கிறது, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "மாப்பிள்ளை வாயத் தொறந்து கேட்டுட்டாரு கண்ணு. எப்படி மாட்டேங்கறது?" என்றார். மாப்பிள்ளை கேட்டு மாட்டேன் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொன்னதில்லை. மகள் அடுத்த அறையில் இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்றும் யாரும் நினைத்ததில்லை. ஏசி கார் வாங்கிக் கொடுக்கிற புருஷன் மேல் ஒருத்திக்கு என்ன கோபம் இருக்க முடியும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் என்னை அடித்திருந்தாலோ ஏசியிருந்தாலோ பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவர் நல்லவர், இப்போதும் நல்லவர்தான். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

கோயமுத்தூர்க்காரர் அதை ஓட்டுவதற்காக வாங்கவில்லை. தன்னிடம் இருந்த இன்னொரு வண்டிக்கு வேண்டிய பாகங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிட்டாராம். ஜெபமணி ஊரோடு போய்விட்டார். பாலத்தடியில் இப்போது நின்றால் தள்ள ஆள் வராது, ஹாரன்தான் அடிப்பார்கள். புது வண்டி அவர் யூனிட்டுக்குப் போய் வரச் சரியாக இருந்தது. கைக்குழந்தையோடு நீ எதற்கு ஓட்டுகிறாய் என்றார்கள். அப்புறம் டிரைவர் இருக்கிறாரே என்றார்கள். நான் வேலையை விட்டேன். லைசென்ஸ் காலாவதியானது யாருக்கும் தெரியாது, எனக்கேகூட வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வண்டியின் படம் என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம், கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. போட்டோக்காரர் மாப்பிள்ளையைத்தான் ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். நான் பக்கத்தில் மாலையோடு தலை குனிந்திருக்கிறேன். போன மாதம் அந்தக் கல்யாணத்திலிருந்து வந்த அன்று அதை எடுத்து மகளிடம் காட்டினேன். அப்பா அப்போதே ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியிருக்கிறாரே என்று அசந்துபோனாள். இல்லை, அது என் வண்டி, நான்தான் ஓட்டுவேன் என்றேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "எங்க கல்யாணத்தப்ப இருந்த வண்டி" என்றார். அவள் சிரித்தபடி ஆல்பத்தை மூடினாள்.

அவளுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக எங்களை ஏற்றிக்கொண்டு சிவன்மலைக்கு ஓட்டிப் போனாள். நான் முன் கதவைத் திறக்கப் போனேன்.

"அம்மா, நீ பின்னாடி உக்காந்துக்க. அப்பா முன்னாடி வரட்டும். உனக்கு வண்டி பழக்கமில்ல, பயந்துக்குவ" என்றாள்.

நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.