“மேலே இருக்கிறார்” என்று பதில் சொன்ன வேலை

விமானக் கழகத்தில் வேலை என்றதும் ஆகாயத்தை நினைக்காதீர்கள். அது தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பறக்கப் போனவர்களின் மனைவிமாருக்குப் பதில் சொல்லும் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தில் ஊர் இருந்த நிலையில், கல்முனையில் இருந்து கிளம்பிய எத்தனையோ பேரில் நானும் ஒருவன். வளைகுடாவில் ஒரு கடலோர நகரம். அங்கே ஒரு ஓடுபாதை, நாலு குட்டி விமானம், ஒரு தேநீர் அறை. அதுதான் கழகம். வங்கிக்காரர், பொறியியலாளர், பல் டொக்டர் என்று வசதியான ஆட்கள் அங்கத்துவம் எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் வந்து பொழுதுபோக்குக்குப் பறப்பார்கள். யார், எந்த விமானம், எத்தனை மணிக்கு ஏறினார் என்று பலகையில் எழுதுவதும், சாவி கொடுப்பதும், தொலைபேசி எடுப்பதும் என் பாடு. ஆதம்லெப்பை என்ற என் பெயரை முதல் நாளே ஆதம் என்று சுருக்கிவிட்டார்கள்.

மகள் ஹஸ்னா பிறந்து நாற்பது நாள் கழிந்த மறுநாள் வீட்டை விட்டு வந்தவன் நான். இவன்தான் நம் வாப்பா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே, அது ஒன்றுதான் என் கவலை. விசா முத்திரைக்குள் கிடந்து காய்ந்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழால் வந்த வினை

அங்கத்தவர்களில் ஒருவர் சென்னைப் பக்கத்துப் பொறியியலாளர். அவருடைய மனைவி ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்து, “அவர் எங்கே?” என்று தமிழில் கேட்டார். மாதக் கணக்கில் ஆங்கிலமும் ஹிந்தியும் கதைத்துக் களைத்திருந்த எனக்குத் தமிழைக் கேட்ட சந்தோசம் தாங்கவில்லை. “அவர் மேல போயிட்டார் அம்மா” என்றேன். “எப்போ?” என்று குரல் நடுங்கியது. “இப்பதான், அஞ்சு நிமிசம்.” “பக்கத்துல யாரு இருந்தா?” “ஒருத்தரும் இல்ல. தனியாத்தான் போனார்.” அந்தப் பக்கம் தொலைபேசி விழுந்த சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலத்தில் டாக்ஸி பிடித்து, அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு அழுதுகொண்டு வந்து இறங்கினார். அதே நேரம் புருசன்காரர் கறுப்புக் கண்ணாடியோடு விமானத்தில் இருந்து இறங்கி வந்தார். என்ன ஏது என்று விளங்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணித்தியாலம் காணாமல் போனவனுக்காக இப்படி அழ ஒரு ஆள் இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஆதம், இனிமே ‘பறக்கிறார்’னு சொல்லுங்க. மேலயும் வேணாம், போயிட்டாரும் வேணாம்.”

வற்றாத எண்ணெய்

வங்கி மனேஜர் ஒருவர் இருந்தார். காலை ஏழு மணிக்கு ஏறுவார், எட்டு மணிக்கு இறங்கிவிடுவார். அதன்பிறகு பின்னேரம் வரை தேநீர் அறையில் இருந்து, தான் பறந்த கதையை மற்றவர்களுக்குச் சொல்லுவார். வீட்டில் இருந்து அழைப்பு வந்தால் தூரத்தில் இருந்தே விரலை மேலே காட்டுவார். நான் “மேலே இருக்கிறார்” என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் தொலைபேசியில் அவருடைய சின்ன மகன் வந்தான். “அப்பா இறங்கிட்டாரா? பந்து விளையாட வாறேன் என்று சொன்னார்” என்று கேட்டான். அப்பா எனக்குப் பத்தடி தூரத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார், விரல் மேலே நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கும் பொய்தான் சொன்னேன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு இப்படிக் கேட்கவாவது ஒரு தொலைபேசி இல்லை. பகல் ஒரு மணிக்கு மனைவியே அழைத்தார். குரலில் கோபமே இல்லை, கணக்கு டீச்சர் மாதிரி நிதானமாகக் கேட்டார்: “ஆதம், அந்த விமானத்தில் நாலு மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய் நிற்கும். என் புருசன் இப்போது எதை ஊற்றிப் பறக்கிறார்?”

கேக்

முதல்முறை தனியாக ஓட்டி இறங்கியவரின் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது கழகத்து வழக்கம். பல் டொக்டருக்கு அந்த நாள் வந்தபோது, அவருடைய மனைவி வீட்டில் கேக் செய்து, மேலே ஒரு குட்டி விமானமும் வைத்துக்கொண்டு வந்தார். டொக்டரோ ஈரச் சட்டையோடு கூட்டாளிமாரின் காரில் ஏறி விருந்துக்குப் போய்விட்டிருந்தார். மனைவியை அழைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அந்த அம்மா பலகையில் புருசனின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேக் பெட்டியை என் மேசையில் வைத்தார்: “நீங்க சாப்பிடுங்க ஆதம். வந்து கேட்டால், கேக் மேலே இருக்கிறது என்று சொல்லுங்க.”

அதிர்ஷ்டசாலி

ஆண்டுக் கூட்டத்தில் நான்தான் அறிக்கை எழுதுவேன். அந்த வருடம் பெரிய பிரச்சினை, வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்களைக் கழகத்துக்குள் விடுவதா இல்லையா என்பது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், மனைவிமார் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராக எழும்பி முறைப்பாடு சொன்னார்கள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைத்தானே பார்க்கிறோம், ஒரு காலைப் பொழுதாவது மனுசனுக்கு வேண்டாமா என்றார் ஒருவர். கை தட்டினார்கள். நான் அதையும் எழுதினேன்.

அந்த வாரம்தான் ஊரில் இருந்து நஸீமா குரல் பதிந்து அனுப்பிய கசட் வந்திருந்தது. நஸீமா என் மனைவி. கசட்டில் அவள் “வாப்பாவோட கதைங்க மகள், கதைங்க” என்று சொல்லச் சொல்ல, ஹஸ்னா ஒரு வார்த்தையும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாள். அந்த மூச்சைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கழகத் தலைவர் என் தோளில் தட்டினார். மனுசன் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் சுடுகிறது: “நீ அதிர்ஷ்டசாலி ஆதம். உன்னை வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒருவரும் இல்லை.”

படம்

மூன்று வருடம் முடிந்து முதல் லீவு கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின கிழமை, பொறியியலாளர் என்னை ஓட்டுநர் ஆசனத்தில் இருத்தி, காதில் அந்தப் பெரிய கருவியையும் மாட்டி ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். மகளுக்குக் காட்டலாம் என்று பெரிதாகக் கழுவி எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வானத்தில் வந்ததெல்லாம் ஹெலியும் குண்டு போடும் பொம்மரும்தான் என்பதை மூன்று வருடத்தில் மறந்துபோன மடையன் நான்.

அம்பாறையில் இருந்து கல்முனைக்கு வரும் வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். சொக்லேட், சவர்க்காரம், சால்வை, அதற்கடியில் விமானத்துக்குள் நான். “பைலட்டா?” என்றான் ஒரு பொடியன். “இல்லை, கிளார்க்” என்றேன். “கிளார்க் ஏன் உள்ளுக்கு?” என்றான். சாவடி ஓரத்து மர வாங்கில் இருத்திவிட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு நஸீமாவின் தம்பி றஹீம், நான் இன்னார் என்று பள்ளிவாசல் கொடுத்த கடிதத்தோடு வந்து மீட்டான். படம் அங்கேயே நின்றுவிட்டது. சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டே றஹீம் சொன்னான்: “சவூதிக்குப் போன எல்லாரும் ஒட்டகத்தோட நிண்டு படம் எடுத்துட்டு வாறான் மச்சான். உங்களுக்கு மட்டும் பிளேன் கேட்டிச்சாக்கும்?”

மூன்று மாதச் சட்டம்

ஹஸ்னா என்னிடம் வரவில்லை. சொக்லேட்டை வாங்குவாள், வாங்கிய கையோடு றஹீம் கட்டியிருக்கும் சாறனுக்குப் பின்னால் போய் நிற்பாள். பெருநாளுக்கு அவளைத் தனியாகப் பசாருக்குக் கூட்டிப்போய், நானே அவளுடைய காலைப் பிடித்து அளவு பார்த்துச் சப்பாத்து வாங்க வேண்டும். இரண்டு மாத லீவில் எனக்கு இருந்த ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

ஒரு பகல் சாப்பாட்டில், சும்மா சிரிக்கட்டும் என்று கழகத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னேன். இருபது வருடம் ஓட்டின ஆளானாலும் மூன்று மாதம் விமானத்தைத் தொடாமல் இருந்தால், அவரை நம்பி ஒருவரையும் ஏற்ற விடமாட்டார்கள். பழக்குகிற ஒருவர் பக்கத்தில் இருந்து, கை இன்னும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வங்கி மனேஜருக்கே அப்படி நடந்து, மனுசன் கோபித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நஸீமா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தாள்.

மறுநாள் காலை சைக்கிளைத் துடைத்து, முன்தண்டில் துவாய் சுற்றி, மகளைத் தூக்கினேன். வீல் என்று கத்தினாள். நஸீமா உள்ளுக்குப் பார்த்து, “றஹீம், நீயும் சைக்கிள எடுத்துட்டு மச்சானோட போ” என்றாள். “அவன் என்னத்துக்கு? நான் வாப்பா தானே” என்றேன். “மூணு மாசத்துக்கே பக்கத்துல ஆள் இரிக்கணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. நீங்க மூணு வருசம்” என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அதை ஒரு நல்ல ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஹஸ்னா மாமாவின் சைக்கிளில் ஏறினாள், நான் பின்னால் வெறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். சப்பாத்துக் கடையில் அவளுடைய காலைப் பிடித்தது றஹீம்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று பேராகக் கடற்கரைக்குப் போனோம். ஐந்தாம் கிழமை என் தண்டில் ஏறினாள், றஹீம் பக்கத்தில் வந்தான். ஏழாம் கிழமை ஒருநாள், “மாமா வேணா, வாப்பா மட்டும்” என்றாள். நானும் அவளும் தனியாகப் போய், தோணிகளைப் பார்த்து, கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். அந்த ஒரு பின்னேரம் நான் பட்ட சந்தோசத்தை எந்த விமானக்காரனும் பட்டிருக்க மாட்டான். அதற்கு நாலாம் நாள் எனக்குத் திரும்பிப் போகும் பயணம். படலைக்கு வெளியே வான் நின்றது, ஹஸ்னா என் கழுத்தை விடவில்லை. நஸீமா அவளுடைய விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “இப்பதான் பழகின நீங்க. போய்ட்டு வந்தா மறுகா முதல்ல இரிந்துதான் பழகணும்.”

எட்டு வருடம் ஊரார் புருசன்மாருக்காகப் பதில் சொல்லிவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்த எனக்கு, மகளைத் தனியாகக் கூட்டிப்போகும் அனுமதி ஒருவழியாகக் கிடைத்த வருடம், அவள் தானே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகப் பழகியிருந்தாள்.