அண்ணியிடம் கேட்ட கேள்வி

படங்களுக்குப் பிரேம் போடும் கண்ணாடிக் கடைக்காரரின் தங்கைக்குப் பல வருடப் பழக்கம் ஒன்று உண்டு. யாராவது எதையாவது கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் முதலில் அண்ணன் முகத்தைப் பார்ப்பாள். அண்ணன் கடையில் இல்லையென்றால் அவர் உட்காரும் நாற்காலியைப் பார்ப்பாள். எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "நாற்காலி என்னம்மா சொல்லுது?" என்று சிரிப்பார்.

அவள் ஏழாவதோடு பள்ளியை விட்டவள். கல்யாணமும் நிலைக்கவில்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு அவர் கடையிலேயே வேலை பார்த்தாள். அண்ணன் பிரேம் அடித்துக் கண்ணாடி பொருத்தித் தள்ளிவிடுவார். பின்பக்கம் அட்டை வைத்து, தூசி புகாதபடி ஓரத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டுவது அவள் பொறுப்பு. வாய்க்கு வேலையே இல்லாத வேலை. கண் மட்டும் சும்மா இருக்காது. வருகிறவர்கள் எந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறார்கள், எதைப் பையில் திணித்து வருகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு நாள் நர்ஸம்மா ஒருவர் குடும்பப் படத்துக்குப் பிரேம் போட வந்தார். அந்தப் பகுதி வாக்குச்சாவடியைத் தேர்தல்தோறும் நடத்துகிறவர் அவர்தான். ஆள் கிடைக்காமல் திண்டாடுவதாகவும், எழுதப் படிக்கத் தெரிந்த யாராவது ஒரு நாள் வந்து உதவினால் போதும் என்றும் புலம்பினார். அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தார். நாற்காலியில் பூனை படுத்திருந்தது.

"நான் வரலாமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்குப் புரையேறியது.

"நீயா? கடைக்கு வர்றவங்களை 'வாங்க'ன்னு நீ சொல்றதுக்குள்ள அவங்க வாங்கிட்டே போயிடுறாங்க!"

"போயிட்டுத்தான் வரட்டுமே" என்றார் அண்ணி. அந்த வீட்டில் அண்ணியின் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

பயிற்சி வகுப்பில் நர்ஸம்மா ஒன்றை அழுத்தி அழுத்திச் சொன்னார். "கண் தெரியாதவங்க, கை நடுங்குறவங்க துணைக்கு ஆள் வெச்சுக்கலாம். ஆனா யாருன்னு அவங்கதான் சொல்லணும். கூட வந்தவரைக் கேட்காதீங்க. ஓட்டுப் போடறவரைக் கேளுங்க."

அவளுக்கு உடனே அண்ணி ஞாபகம்தான் வந்தது. சில வருடங்களாக அண்ணிக்குப் பார்வை மங்கல். அதிலிருந்து தேர்தல் நாளில் அண்ணனும் கூடவே ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போவார். வெளியே வந்து, "உனக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்" என்று பஸ் டிக்கெட் எடுத்ததைச் சொல்வதுபோலச் சொல்வார். யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

தேர்தல் அன்று பள்ளிக்கூட வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, அட்டை மறைப்புகளை நிறுத்தினார்கள். அங்கே இன்னும் மெஷின் வரவில்லை; சீட்டில் குறி போடுவதுதான். ஒவ்வொரு மறைப்புக்குள்ளும் மேசைமேல் ஒரு பென்சில், நூலில் கட்டிய பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி வைப்பார்கள் என்று பயிற்சி வகுப்பு முடிந்த அன்றே அண்ணியிடம் சொல்லியிருந்தாள். வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, "குறி போட்டதும் மடிச்சுப் பெட்டியில போடுங்க" என்று சொல்வது அவளுக்கு விழுந்த வேலை. முதலில் வந்த இரண்டு பேரும் "என்னது?" என்று காதை நீட்டினார்கள். பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முடிதிருத்துகிறவர் வந்தபோது அது கதவுவரை கேட்டது.

"அட, ஊமைப்படத்துக்குச் சத்தம் வந்துடுச்சே!" என்று சொல்லிக்கொண்டே அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வெயில் ஏறிய நேரத்தில் அண்ணன் வந்தார், அண்ணியின் முழங்கையைப் பிடித்தபடி. பெயர் சரிபார்க்கும் மேசையைத் தாண்டி அவள் முன்னால் வந்து நின்றார்.

"ம், ரெண்டையும் சேர்த்துக் கொடு."

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். அவளை அறியாமலே கண் அண்ணன் முகத்துக்குப் போய்விட்டது.

"அண்ணா, அண்ணிக்குத் துணை வேணுமா?"

"இது என்ன கேள்வி? அதான் நான் இருக்கேனே."

இரண்டு சீட்டுகளையும் எடுத்து நீட்டிவிட்டாள். அண்ணன் வாங்கப்போன அதே நேரத்தில் அண்ணியின் கையும் நீண்டது. உள்ளங்கை விரிந்து, சீட்டு எங்கே இருக்கிறது என்று காற்றில் தேடியது.

அவள் சீட்டுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். யாரைக் கேட்கக் கூடாதோ அவரைக் கேட்டிருக்கிறாள். பின்னறை அண்ணன் மனதுவைத்துக் கொடுத்த இடம். அந்தக் கடையை விட்டால் காகிதம் ஒட்ட வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? வரிசை வேறு பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி கையை மடக்கவில்லை.

"அண்ணி, உங்களுக்குத் துணை வேணுமா? வேணும்னா யாரு வரணும்?"

"ஏய், இப்பத்தானே சொன்னேன்? காதுல விழல?"

"விழுந்துச்சுண்ணா. அவங்க வாயால சொல்லணும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"வீட்டுக்குள்ளேயே சட்டம் பேசுறியா?"

"இது வீடு இல்லீங்க" என்றார் பின்னாலிருந்து நர்ஸம்மா, எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலை நிமிராமல்.

அண்ணி தொண்டையைச் செருமினார். "உள்ள பூதக்கண்ணாடி இருக்குன்னு சொன்னியே, நிஜமாவா?"

"இருக்கு அண்ணி. இடது கைப்பக்கம், நூல்ல கட்டியிருக்கு."

"அப்ப யாரும் வேணாம்."

அவள் இருவர் கையிலும் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்தாள். அண்ணனின் பிடியிலிருந்து முழங்கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, மேசை விளிம்பைத் தடவியபடி அண்ணி மறைப்புக்குள் போனார். அண்ணன் தன் சீட்டில் குறி போட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தும் அவர் வெளியே வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது.

"கோட்டுக்கு வெளிய போட்டா செல்லாதுடி!" என்று அண்ணன் மறைப்பைப் பார்த்துக் கத்தினார்.

ஓட்டுப் போட்ட பிறகும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்த முடிதிருத்துகிறவர், "சமையலறையில உப்பு டப்பாவைத் தடவியே கண்டுபிடிக்கிற ஆளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? விடுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். நர்ஸம்மா இருவரையுமே வெளியே போகச் சொன்னார்.

அண்ணி ஒருவழியாக வந்தார். சீட்டைச் சின்னதாக மடித்திருந்தார். பெட்டியின் வாயை விரலால் தேடி, உள்ளே விட்டார். வாசலில் அண்ணன் கேட்டது உள்ளே வரை கேட்டது.

"எங்க போட்ட?"

"பெட்டியில."

அண்ணன் ஆதரித்த வேட்பாளர் சுலபமாகவே ஜெயித்தார். ஆனாலும் அண்ணனின் கோபம் தணியவில்லை. ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்பது அவருக்கும் தெரியும். அது யாருக்கு விழுந்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. கடையில் தங்கையோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வந்த வாடிக்கையாளரிடமே, "அந்தச் சட்ட நிபுணர்கிட்டச் சொல்லுங்க, காகிதம் ஒட்டித் தருவாங்க" என்பார். அவள் தன் துணிப்பெட்டியைக்கூடக் கட்டி வைத்தாள். அண்ணி பின்னறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து அந்தக் கட்டை அவிழ்த்தார். அண்ணனும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அது நடந்து இரண்டு தேர்தல் ஆகிவிட்டது. அவள் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறாள். அண்ணன் கடை வேலையைப் பற்றி மட்டும் அவளிடம் பேசுவார். தேர்தல் வந்தால் நர்ஸம்மா அவளைக் கூப்பிடுகிறார், அவளும் போகிறாள். அன்று அண்ணன் காலையிலேயே தனியாக வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அண்ணி மத்தியானம், கூட்டம் குறைந்த பிறகு வருவார். அவர் யாருக்குப் போடுகிறார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.