பதினெட்டு அறைக்காரி

அந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர்களில் அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர். வேகத்துக்குக் கிடைத்த பரிசு, மூன்றாம் மாடியில் பதினெட்டு அறை. நான்காம் மாடிக்காரி ஆடி அசைந்து வருபவள். அதனால் அவளுக்குப் பதினொன்றுதான். இது எந்த ஊர் நியாயமோ!

நான்காம் மாடிக்காரிக்கு நேரம் இருந்தது. “நல்லாத் தூங்கினீங்களா?” என்று விருந்தினரிடம் இளிப்பாள். பதினான்காவது கட்டிலுக்கு விரிப்பு மாற்றும் புயலிடம் யாராவது தலையணை கேட்டால், “எனக்கென்ன நாலு கையா இருக்கு?” என்று வெடுக்கென்று வந்து விழும். அறை மேசையில் நிற்கும், சுத்தம் செய்பவரின் பெயர் அட்டையைப் பார்த்து விருந்தினர் கருத்துச் சீட்டு எழுதுவார்கள். அறைக்கு அறை பாராட்டு அவளுக்கு, புகார் பெரும்பாலும் இவளுக்கு. அந்தச் சிரிப்பைக் கண்டாலே புயலுக்கு வயிறு எரிந்தது.

இந்த மாதம் நல்ல சீட்டு அதிகம் வாங்குபவருக்குத் துணி அறைப் பொறுப்பு என்றார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. புயலின் முழங்கால்கள் அதற்காகத் தவம் கிடந்தன. அறைகள் அதிகம் என்பதால் எப்படியோ இருவருக்கும் நல்ல சீட்டு சமமாக நின்ற கடைசி நாளில், “இன்னிக்கு ஒரு நாள் மாடியை மாத்திக் குடுங்க சார்” என்று மேற்பார்வையாளரிடம் மல்லுக்கு நின்று வாங்கினாள்.

பதினோரு அறையில் புயலுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை. கட்டிலுக்கடியில் விழுந்த கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, ஒரு பெரியவரிடம் கொடுத்தாள். அவர் பேத்தியின் படத்தைக் காட்ட, நின்று ரசித்தாள். சோப்பு எடுக்கக் கீழே இறங்கியபோது, “எத்தனை தடவைதான் கூப்பிடுவீங்க?” என்று நான்காம் மாடிக்காரி யாரிடமோ எரிந்து விழுவது கேட்டது. புயலுக்கு உச்சி குளிர்ந்தது. பாவம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் சீட்டுகளைப் பிரித்தார். பெரியவர் உருகி உருகிப் பாராட்டியிருந்தார், நான்காம் மாடிக்காரியின் பெயர் போட்டு. மூன்றாம் மாடிப் புகாரில் புயலின் பெயர். மாடியை மாற்றிய அவசரத்தில் மேசை அட்டைகளை யாரும் மாற்றவில்லை. பதினோரு அட்டையையும் தூசி தட்டி நேராக நிறுத்தியது புயலேதான்.

“சார், அந்தப் பாராட்டு அக்காவோடது” என்றாள் நான்காம் மாடிக்காரி. அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் புயலுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

“சீட்டுல இருக்கற பேரைத்தான் மேல அனுப்ப முடியும்” என்றார் அவர். பிறகு புயலின் பக்கம் திரும்பினார்.

“இவ துணி அறைக்குப் போயிட்டா நாலாம் மாடிக்கு ஆள் இல்ல. அதுல ஒரு அஞ்சு அறையையும் சேர்த்துப் பாத்துக்க. நீதான் வேகமா முடிச்சிடுவியே.”