இஞ்சின் கயிறு

கொரோனா மூட்டுகள் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறும் என்று நான் நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். யாரோ அனுப்பிய குரல் பதிவு ஒன்று அப்படிச் சொன்னது. காய்ச்சல் கீழே இறங்கி, கற்பிட்டி பஸ் எத்தாளையில் நிற்பதுபோல முழங்காலில் கொஞ்சம் நின்று, பிறகு போய்விடுமாம்.

எத்தாளையில் நானாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். கூடப்பிறந்த மூத்தவர், அவருடைய படகில்தான் நானும் கடலுக்குப் போவேன். இருவருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல் பிடித்தது. எனக்குக் கெண்டைக்கால் நாய் கவ்வியதுபோல் இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் கலிமாச் சொல்லி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, நான் இன்னும் உடுக்காத புதுச் சாரம் யாருக்கு என்று வசிய்யத்துச் செய்தேன். "மவுத்தாகப் போற மனிசன் ரெண்டாந்தரம் கஞ்சி கேக்கமாட்டார்" என்று மனைவி கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். பத்து நாளில் எழும்பி நடந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காய்ச்சல் போன பிறகும் நானாவின் தோளும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கியே இருந்தன. விடிந்ததும் விரல்களை விரிக்க முடியாமல் சுடுதண்ணீரில் வைத்திருப்பார்.

"முந்தியவிடக் கூட நோவுதுடா."

"கூடினா நல்லந்தான் நானா, அது வெளிய போகுது."

"உனக்கு எல்லாம் வாயால போயிட்டு போல" என்று சிரித்தார். ஆனால் நம்பினார். நான் நடந்து காட்டியவன் அல்லவா.

ஊரடங்கு நீங்கி ஊர் திறந்த முதல் நாள் கடலுக்கு இறங்கினோம். எங்கள் இஞ்சின் பொல்லாதது. நான் கயிற்றை ஐந்து தரம் இழுத்து ஏசினாலும் இருமிவிட்டு நிற்கும். நானாவின் ஒரே இழுப்புக்குப் பிடித்துவிடும். கயிற்றின் பிடி உடைந்தபோது அவரே பூவரசங்கட்டையில் செதுக்கிப் போட்டிருந்தார். அவருடைய விரல்கள் பட்டுப் பட்டு அதில் நான்கு பள்ளங்கள் விழுந்திருந்தன. அன்று கயிறு ஒரு சாண் வந்து திரும்பிப் போனது. மறுபடி இழுத்தார். பிடி விரல்களை விட்டு நழுவியது.

"இஞ்சினுக்கும் பிடிச்சிட்டு போல, பதினாலு நாள் அடைச்சு வைப்பம்" என்றேன். கரையில் எவரும் சிரிக்கவில்லை. நானா தன் கையை இரவல் வாங்கிய சாமானைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீ இழு" என்றார்.

அதற்குப் பிறகும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று மாதமாக ஏன் வரவில்லை என்று டொக்டர் கேட்டார். நானா ஒருதரம் என்னைப் பார்த்தார். "கடல் வேலை டொக்டர், நேரம் கிடைக்கல்ல" என்றார். அந்த மூன்று மாதமும் கடல் வேலையே செய்யாத மனிதர்.

கொரோனா வருத்தத்துக்குப் பிறகு சிலருக்கு மூட்டும் தசையும் இப்படி ஆவதுண்டு, மருந்தால் வீக்கம் குறையும், பழைய பலம் வருமா தெரியாது என்றார் டொக்டர். முந்தியே வந்திருந்தால் சுகமாகியிருக்குமா என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். "சொல்ல ஏலாது." அந்தப் பதிலோடுதான் இன்றுவரை படுத்து எழும்புகிறேன்.

வீக்கம் வற்றியது. பலம் வரவில்லை. சேட்டுப் பொத்தானை மதினிதான் பூட்டிவிடுகிறார். மணலில் குந்த முடியாது, தொழுகையும் கதிரையில் உட்கார்ந்துதான். விடிய நாங்கள் படகைத் தள்ளும்போது அந்தக் கதிரை கரையில் இருக்கும், அதில் நானா இருப்பார். அந்தப் பள்ளங்களில் என் விரல்கள் இன்னும் பொருந்தவில்லை. ஐந்தாம் இழுப்பில் பிடிக்கிறது.

நானா பிறகு ஒருநாளும் அந்தக் கயிற்றை இழுக்கவில்லை.